கொயோட்டிக்கு லேசான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: 6 பவுண்டுக்கும் கீழே போகலாமா?

அக்டோபர் 5, 2024. டாலஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, போன குளிர்காலத்தில் நண்பர் ஒருவரோடு மூன்று முறை கொயோட்டி (நம்மூர் நரி போன்ற அமெரிக்கக் காட்டு விலங்கு) வேட்டைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் நாலைந்து மைல் நடை. அவர் கையில் கொடுத்தது தடித்த பேரல் உள்ள ரைபிள். ஸ்கோப்போடு சேர்த்து 11 பவுண்டு. மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. இந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன். கிம்பர் 84எம் மொன்டானா, .243 வின்செஸ்டர் தோட்டா சுடுவது, வெறும் 5 பவுண்டு 2 அவுன்ஸ். மானுக்கும் ஆகும். நடந்து போகிற வேட்டைக்கு ரைபிள் எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?

அக்டோபர் 5, 2024. இரவு

மறுக்கிறேன் தம்பி. நானும் இரண்டு வருடம் அதே கட்சியில் இருந்தேன்.

2013 முதல் டெக்சஸில் சான் ஏஞ்சலோவுக்குத் தெற்கே ஒரு ஆட்டுப் பண்ணையில் வேட்டைக்குப் போய்வருகிறேன். மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியுமாகப் பரந்த மேட்டு நிலம். மெஸ்கீட் நம்மூர் சீமைக் கருவேலத்துக்கு உடன்பிறப்பு. முதல் நாள் போனபோது ராமநாதபுரம் பக்கம் இறங்கிவிட்டது போலத்தான் இருந்தது. அங்கே ஒரு காலைப்பொழுதில் ஐந்தாறு இடங்களில் உட்காருவோம். ஓரிடத்தில் 15 முதல் 20 நிமிடம், முயல் அலறும் சத்தத்தைக் கூப்பிடும் கருவியில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். ஒன்றும் வரவில்லை என்றால் எழுந்து அரை மைல், முக்கால் மைல் நடந்து அடுத்த இடம்.

இந்த வேட்டையில் நடை துண்டு துண்டாகத்தான் இருக்கும். சுடும் நேரம் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி: நடந்து வந்த மூச்சு அடங்கியிருக்காது, முதுகுக்குப் பின்னால் ஒரு புதர், ரைபிள் முழங்கால் மேலோ, அதைத் தாங்க ஊன்றும் குச்சிகளின் மேலோ. கொயோட்டி நாம் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வராது. காற்றடிக்கும் திசைக்குக் கீழே சுற்றிப் போய், வாசனை பிடித்துக்கொண்டுதான் நெருங்கும். நிற்கிற இரண்டு மூன்று விநாடிக்குள் முனையைத் திருப்பி நிறுத்த வேண்டும். 5 பவுண்டு ரைபிளின் முனை அப்போது நாடித் துடிப்புக்குக்கூட ஆடும். மெல்லிய காற்று அடித்தாலும் ஆடும். 7, 7.5 பவுண்டு ரைபிள் அப்படி ஆடாது.

11 பவுண்டு உங்களை வதைத்தது உண்மை. அதற்காக அடுத்த கோடிக்கு ஓடாதீர்கள். நாளை .243 பற்றி எழுதுகிறேன், அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

அக்டோபர் 6, 2024

.243 நல்ல தோட்டா. 1955-லிருந்து மானுக்கும் நரிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் குறை அதன் உதையை, அதாவது சுடும்போது ரைபிள் பின்னுக்குத் தள்ளுவதைப் பற்றியது. தோள் வலிப்பதை நான் சொல்லவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். ஸ்கோப்போடு 7 பவுண்டு எடையுள்ள ரைபிள் என்று வைத்துக்கொண்டால், .223 ரெமிங்டன் 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு, 15 கிரெய்ன் சுமார் ஒரு கிராம்) குண்டுக்கு உதை சுமார் 4 அடி-பவுண்டு. .22-250-க்கு சுமார் 6. .243-இல் 58 கிரெய்ன் லேசான குண்டைப் போட்டாலே 9-ஐ ஒட்டி வரும். ரைபிளின் எடை 6 பவுண்டுக்கு இறங்கினால் இன்னும் ஏறும், 100 கிரெய்ன் மான் குண்டு என்றால் 12-ஐத் தாண்டும்.

12 அடி-பவுண்டு யாரையும் கொல்லாது. ஆனால் சுட்ட கணத்தில் ஸ்கோப் மேலே எகிறிவிடும். கொயோட்டி விழுந்ததா, எந்தப் பக்கம் ஓடியது, குண்டு மேலே போனதா கீழே போனதா, எதுவும் தெரியாது. .223-இல் பெரும்பாலும் குண்டு படுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். தவறினால் மண் தெறித்த இடம் தெரியும், அடுத்ததைத் திருத்திச் சுடலாம். ஜோடியாக வந்தால் இரண்டாவது எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். இடுப்பளவு புல்லில் விழுந்ததைத் தேடி அரை மணி நேரம் அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அடிபட்டு ஓடியதைத் தேடுவது அதைவிடக் கொடுமை.

கொயோட்டி அப்படியொன்றும் பெரிய விலங்கும் கிடையாது. குளிர்கால ரோமத்தில் ஓநாய்க்குட்டி போலத் தெரியும், கையில் தூக்கினால் இந்தப் பக்கத்துக் கொயோட்டி 10 முதல் 15 கிலோதான். அதற்கு .223 தாராளம்.

அக்டோபர் 9, 2024

சரி, எந்த ரைபிள் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நான் வைத்திருந்தவை, கூட வந்தவர்கள் வைத்திருந்து நான் சுட்டுப் பார்த்தவை, இவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிக்கா டி3எக்ஸ் லைட். பின்லாந்தில் ரீஹிமாக்கி ஆலையில் சாக்கோவோடு சேர்ந்து பிறப்பது. என்னிடம் இருப்பது .223, 1:8 முறுக்கு (பேரலுக்குள் இருக்கும் வரிகள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று).  எண் சிறிதானால் கனமான குண்டும் நிலைகொள்ளும். அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் விரல் இடிக்காது. ட்ரிகர் இழுத்தால் தடங்கலின்றிச் சுத்தமாக விடும். ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: டிக்கா எல்லாத் தோட்டாவுக்கும், போல்ட் ஓடும் உடம்பாக, ஒரே நீள ஆக்‌ஷனைத்தான் வைக்கிறது. .223 வாங்கினாலும் பெரிய தோட்டாவுக்கான உடம்புதான் வரும். அதோடு ஒரே தடிமன் பேரலில் சின்னத் துளை போட்டால் உள்ளே எஃகு அதிகம் மிஞ்சும். அதனால் .223 டிக்கா, அதன் பெரிய அண்ணன்களைவிடக் கொஞ்சம் கனம். என் வீட்டுத் தராசில் 6 பவுண்டு 5 அவுன்ஸ். அந்தக் கூடுதல் எஃகு பேரலில் இருப்பதால் எனக்கு அதில் வருத்தமே இல்லை. முனைப் பக்கம் கொஞ்சம் எடை இருந்தால் ரைபிள் நிதானமாக நிற்கும்.

ஹோவா மினி ஆக்‌ஷன். ஜப்பான் சரக்கு. இது டிக்காவுக்கு நேர் எதிர். .223 அளவுத் தோட்டாவுக்கென்றே ஆக்‌ஷனைக் குறுக்கிச் செய்திருக்கிறார்கள். போல்ட் ஓடும் தூரம் குறைவு, எடையும் குறைவு. லேசான பேரல் வகை 6 பவுண்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். பேரலைச் சீவாமல் ஆக்‌ஷனில் எடையைக் குறைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது. குறை, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மேகசின். ரைபிளின் நடுவில் கைவைத்துத் தூக்கி நடக்கும்போது சரியாக அங்கேதான் இடிக்கும்.

ரூகர் அமெரிக்கன் ராஞ்ச். 16 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலான பேரல், ஏ.ஆர்.-15 ரைபிளின் மேகசின் பொருந்தும், முனையில் சத்தம் குறைக்கும் குழாய் மாட்ட மரை வெட்டியே வருகிறது. விலையும் குறைவு. வண்டிக்குள்ளிருந்து இறங்க, புதருக்குள் நுழைய இதைப்போல வசதி இல்லை. ஆனால் குட்டைப் பேரலில் சத்தம் காதைப் பிளக்கும், 24 அங்குலப் பேரலோடு ஒப்பிட்டால் விநாடிக்கு 200 அடி வேகம் போய்விடும். ஸ்டாக், அதாவது ரைபிளைத் தாங்கும் கட்டை, மெலிது. குச்சியின் மேல் அழுத்தினால் வளைவது கண்ணுக்குத் தெரியும்.

சிஇசட் 527. செக் நாட்டுக் குட்டி மவுசர். என்னைக் கேட்டால் கொயோட்டிக்கென்றே பிறந்த ரைபிள் இதுதான். 2021-இல் இந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். பழையது கிடைத்தால் பேரல் முறுக்கைக் கேட்டு வாங்குங்கள், பழையவற்றில் 1:12 நிறைய உண்டு. 55 கிரெய்ன் வரை அதில் பழுதில்லை, 69, 75 கிரெய்ன் எல்லாம் நிலைகொள்ளாது. ஸ்கோப்பை மாட்டும் வளையங்களும் அதற்கென்று தனி. சேஃப்டியை முன்னால் தள்ளினால் சுடும்.

கிம்பரை நான் இரண்டே நாள்தான் தூக்கி நடந்தேன், அதுவும் இரவல். தூக்க அருமை. வேலைப்பாடும் அருமை. மலையில் ஆடு, மான் என்று ஒருநாளைக்கு ஒரு குண்டு சுடுகிறவருக்கு அது பொருத்தமான கருவி. கொயோட்டிக்கு நான் எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 10, 2024

நேற்று எழுதியதில் ஒரு தவறு, அதுவும் ஆபத்தான தவறு. சிஇசட் 527-இல் சேஃப்டி மற்ற ரைபிள்களுக்குத் தலைகீழ். முன்னால் தள்ளினால் பூட்டும், பின்னால் இழுத்தால்தான் சுடும். நினைவிலிருந்து எழுதியதால் வந்த பிழை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. பழகிய கை மறந்துவிடும் என்பதால், வேறு ரைபிளும் வைத்திருப்பவர்கள் 527-ஐ வாங்கினால் வீட்டில் காலித் துப்பாக்கியோடு ஒரு வாரம் பயிற்சி செய்யுங்கள்.

அக்டோபர் 20, 2024

தம்பி தனி மடலில் ஒன்று கேட்டார். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அவர் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன். அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். ரைபிள் வாங்கலாமா?

பச்சை அட்டை உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. அதற்கு விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. கடையில் நிரப்பும் படிவம் 4473-இலும் இதைக் கேட்பார்கள்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. டெக்சஸ் வேட்டை உரிம ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. போன வருடம் உரிமம் வாங்கி, ரைபிள் வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டு, உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 காலையில் அந்த ரைபிள் வீட்டில் இருப்பதே குற்றமாகலாம். விசாவில் இருப்பவருக்கு அது குடியுரிமை வரை துரத்தும். உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். வேலி தாண்டும்போது ரைபிளை என்ன செய்வது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

கொயோட்டிக்கு இங்கே மூடுபருவம் கிடையாது, வருடம் முழுவதும் சுடலாம். இப்படிச் சுடலாமா என்று சென்னையிலிருந்து ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். நம்மூரில் நரி சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு, அது அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இங்கே கொயோட்டியின் நிலைமை வேறு. ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் பரவி, நகரங்களுக்குள்ளும் வாழ்கிறது. அதைப் பற்றி எனக்கும் மனக்குழப்பங்கள் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 3, 2024

தராசு விஷயம். கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் எடையை மறந்துவிடுங்கள். தோளில் மாட்டும் கோலத்திலேயே எடை பாருங்கள். என் டிக்கா:

வெறும் ரைபிள் 6 பவுண்டு 5 அவுன்ஸ். லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40 ஸ்கோப் 12 அவுன்ஸ். வளையங்கள் 4. தோள்வார் 5. நான்கு தோட்டா 2 அவுன்ஸுக்கும் கீழே. ஆகமொத்தம் 7 பவுண்டு 12 அவுன்ஸ்.

இதே சாமான்களைத் தம்பியின் கிம்பரில் ஏற்றினால் 6 பவுண்டு 9 அவுன்ஸ். வித்தியாசம் 19 அவுன்ஸ். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். நான் முதல் சில வருடங்கள் இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு கத்தி, உதிரி பேட்டரி மூட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் சுமந்துகொண்டு, ரைபிளில் அரை பவுண்டு குறைக்க ஆயிரம் டாலர் செலவழிக்க யோசித்தேன்.

ஸ்கோப்பில் குறைப்பதுதான் மலிவான வழி. 300 கஜத்துக்குள் சுடுவதற்கு 9 மடங்கு பெருக்கம் போதும். பாதி நேரம் நான் 4-இல்தான் வைத்திருப்பேன், திடீரென்று 40 கஜத்தில் புதரைப் பிளந்துகொண்டு வரும்போது 12 மடங்கில் வெறும் ரோமம்தான் தெரியும். ஒன்றரை, இரண்டு பவுண்டு ஸ்கோப்பை 5 பவுண்டு ரைபிளில் ஏற்றித் தலைகனத்துப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 1, 2024

நேற்று நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். இரண்டாவதில் 120 கஜத்தில் அகலவாட்டில் நின்ற ஒன்றைத் தவறவிட்டேன். நிதானமான சூடு, நல்ல ஊன்றல். மண் எங்கே தெறித்தது என்று பார்த்தேன். இரண்டு அடி வலது பக்கம்.

வண்டிக்குத் திரும்பி அட்டையில் சுட்டுப் பார்த்தால் மூன்று குண்டும் மூன்று ஊரில். ஸ்கோப்பை அசைத்தேன், அசைந்தது. ஸ்கோப் உட்காரும் அடித்தட்டின் முன் திருகு விரலாலேயே சுற்றியது. ஆகஸ்டில் புது வளையம் போட ஒரு கடையில் கொடுத்திருந்தேன். திருகு கழலாமல் பிடிக்கும் மருந்து போட்டு முறுக்கியதாக அவர்கள் சொன்னார்கள். திருகில் மருந்தின் சுவடே இல்லை. அதைவிட, செப்டம்பரில் அட்டையில் பத்து குண்டு சுட்டுவிட்டு, சரி என்று உறைக்குள் போட்ட நான் திருகைத் தொட்டே பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. இரண்டு அடி தள்ளிப் போனதால் கொயோட்டி தப்பியது. ஆறு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் குடல் கிழிந்து மூன்று நாள் கிடந்து செத்திருக்கும்.

லேசான ரைபிளில் இது சீக்கிரம் நடக்கும். உதையை வாங்கிக்கொள்ள எடை இல்லாததால் அதிர்ச்சி முழுவதும் திருகுகளுக்குப் போகிறது. ஒரு சின்ன டார்க் ரென்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கும் கருவி) வாங்கினேன். அடித்தட்டும் வளையமும் இனி நானேதான், ஸ்கோப் நிறுவனம் சொல்லும் அளவுக்கு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும்.

டிசம்பர் 2, 2024

ஒருவர் கேட்டதற்கு: ஆமாம், என் டிக்கா .223 தான், ஆகவே உதை அதிகமில்லை. திருகு கழன்றதற்கு உதையைவிட முறுக்காமல் விட்டதே காரணம். நேற்று கோபத்தில் இரண்டையும் குழப்பிவிட்டேன். மருந்து போட்டு முறுக்கிய திருகு லேசான ரைபிளிலும் நிற்கும்.

ஜனவரி 12, 2025

.22-250 கட்சிக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள். 2015 வரை நானும் .22-250 தான் வைத்திருந்தேன் என்பதால் அவர்கள் பக்க நியாயத்தையும் எழுதுகிறேன்.

55 கிரெய்ன் குண்டை .223 விநாடிக்கு 3240 அடி வேகத்தில் தள்ளும், .22-250 3680 அடியில். 1965-இல் ரெமிங்டன் கம்பெனித் தோட்டாவாக்கும் முன்பே ஆர்வலர்கள் வீட்டில் செய்து சுட்டது. 300 கஜத்தில் நிற்கும் கொயோட்டிக்குக் குறியை உயர்த்தவே யோசிக்க வேண்டாம். திறந்த புல்வெளி மாநிலங்களில் இது பெரிய வசதி. எங்கள் மெஸ்கீட் காட்டில் 200 கஜத்துக்கு அப்பால் நான் சுட்டது கைவிட்டு எண்ணலாம்.

காற்றுக்கு .22-250 வெகு மேல் என்பார்கள். பக்கக் காற்று மணிக்கு 10 மைல் அடித்தால் 300 கஜத்தில் .223 குண்டு சுமார் 10 அங்குலம் தள்ளும், .22-250 சுமார் 8. அந்த இரண்டு அங்குலத்தைவிட, காற்று 10 மைலா 14 மைலா என்று நான் தப்பாக ஊகிப்பதில் வரும் பிழை பெரிது. கொயோட்டியின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை ஐந்தாறு அங்குலம்தான். ஆகவே காற்றடிக்கும் நாளில் இரண்டிலுமே 200-க்கு உள்ளே வரவிட்டுத்தான் சுடுகிறேன். கூப்பிட்டுத்தானே வேட்டையாடுகிறோம், அது நம்மை நோக்கித்தான் வருகிறது. காத்திருந்தால் கிட்டே வரும்.

தோட்டா விலையும் ஒரு காரணம். .223 மலிவு என்பதால் நிறையப் பழகுகிறேன். .22-250 வைத்திருந்த காலத்தில் வருடத்துக்கு இரண்டு பெட்டி சுட்டால் அதிகம்.

.22-250 வாங்குகிறவர்கள் முறுக்கைப் பாருங்கள். வழக்கமாக 1:14, அது 55 கிரெய்னுக்கு ஏற்றது. இப்போது 1:9 போன்ற வேகமான முறுக்கிலும் வருகின்றன.

.204 ரூகர் பற்றிக் கேட்டவருக்கு: 2004-இல் வந்தது, 32 கிரெய்ன் குண்டு 4225 அடி வேகம். கிட்டத்தட்ட உதையே இல்லை, தோலும் கிழியாது. ஆனால் தோள் எலும்பில் பட்டால் 32 கிரெய்ன் மேலேயே சிதறிவிடும். ஒன்று அப்படி எழுந்து ஓடியதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. 40 கிரெய்ன் என்றால் யோசிப்பேன்.

ஜனவரி 13, 2025

குறி பொருத்துவது எப்படி: .223, 55 கிரெய்ன், 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வையுங்கள். 200-இல் சரியாக நடுவில் விழும். 250-இல் மூன்று அங்குலம் தாழும். அதுவரை நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம். 300-இல் ஏழெட்டு அங்குலம் தாழும், அங்கே எனக்கு வேலை இல்லை.

பிப்ரவரி 16, 2025

சென்னை நண்பருக்குப் பிறகு எழுதுவதாகச் சொன்னது.

ஏன் சுடுகிறோம்? தோலுக்காக என்று இப்போது சொல்ல முடியாது. குளிர்கால மேலங்கிக் கழுத்தில் கொயோட்டி ரோமம் வைத்த காலத்தில் நல்ல விலை இருந்தது. கனடா கூஸ் நிறுவனம் 2021-இல் ரோமத்தை விடுவதாக அறிவித்த பிறகு, தோல் வாங்குகிறவர்களே எங்கள் பக்கம் அருகிவிட்டார்கள்.

எண்ணிக்கையைக் குறைக்கவா? குறையாது. சுடச்சுடக் குட்டிகள் அதிகம் பிழைக்கும், காலியான இடத்துக்குப் பக்கத்திலிருந்து புதியவை வந்துவிடும். வருடாவருடம் முக்கால்வாசியைக் கொன்றால்தான் ஓர் இடத்தில் இனம் தேயும் என்று 1975-லேயே கலிஃபோர்னியாவில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் பருவத்துக்கு எட்டு, பத்து சுடுகிறோம்.

பண்ணைக்காரர் எங்களைக் கூப்பிடுவது வேறு காரணத்துக்காக. ஆடு குட்டி போடும் சில வாரங்கள், குட்டி போடும் அந்த ஒரு பட்டியைச் சுற்றி வருகிறவற்றை மட்டும் விலக்க வேண்டும். மற்றபடி அவருடைய பெரிய பைரனீஸ் காவல் நாய்கள்தான் வருடம் முழுக்கக் காக்கின்றன. முதல் நாயை விட்ட வருடத்திலேயே குட்டி இழப்பு பாதிக்கும் கீழே போனதாக அவர் சொல்வார். அவர் இன்னும் இரண்டு நாய் வாங்கினால் எங்களுக்கு வேலையே இல்லாமல் போகலாம், போனால் மகிழ்ச்சிதான். 2019 வரை எத்தனை சுட்டோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது பட்டியிலிருந்து அரை மைலுக்கு அப்பால் தெரிவதை விட்டுவிடுகிறேன்.

இதில் ரைபிளோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. முயல் அலறலுக்குக் காவல் நாயும் வரும், பக்கத்துப் பண்ணை நாயும் வரும். விடியல் மங்கலில், புல்லுக்கு மேல் காது மட்டும் தெரியும்போது, சாம்பல் நிற நாயும் கொயோட்டியும் ஒன்றாகத்தான் இருக்கும். உட்காரும் முன் பக்கத்துப் பண்ணைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். முழு உடலும் தெரியாமல் ட்ரிகரில் விரல் வைக்காதீர்கள். பின்னால் மண்மேடு இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஜூலை 27, 2025

சப்ரசர் (பேரல் முனையில் மாட்டும் சத்தம் குறைக்கும் குழாய்) பற்றிப் பலரும் கேட்பதால்: ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, சப்ரசருக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிறது. பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே தொடரும்.

காதுக்கு நல்லது, உதையும் குறையும். ஆனால் 22 அங்குலப் பேரலின் முனையில் முக்கால் பவுண்டும் ஆறேழு அங்குலமும் சேர்ந்தால் லேசான ரைபிள் மூங்கில் கழியாகிவிடும். சப்ரசர் போடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 16 அல்லது 18 அங்குலப் பேரல் வாங்குங்கள். ரூகர் ராஞ்ச் சத்தம் பற்றி அக்டோபரில் நான் சொன்ன குறை அப்போது அடிபட்டுப் போகும். ஆக அந்த ரைபிளுக்கு நான் கொடுத்த மதிப்பெண் குறைவுதான், கூட்டிக்கொள்கிறேன். மெலிந்த ஸ்டாக் பற்றிய குறை அப்படியே நிற்கிறது.

ஆகஸ்ட் 30, 2025

விசாவில் இருப்பவர்கள்: நாளைக்கு மறுநாள் செப்டம்பர் 1. உரிமத்தை இன்றே புதுப்பியுங்கள்.

நவம்பர் 23, 2025

தம்பி கடைசியில் வாங்கிவிட்டார். வழக்கறிஞர், பயிற்சி, உரிமம் எல்லாம் முடித்து, ஹோவா மினி, .223. நேற்று ஆஸ்டினில் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சமையலறைத் தராசில் வெறும் ரைபிள் 5 பவுண்டு 14 அவுன்ஸ். என்னுடையதைப் போன்ற ஸ்கோப், வளையம், வார், தோட்டாவோடு 7 பவுண்டு 5 அவுன்ஸ். என் டிக்காவைவிட 7 அவுன்ஸ் குறைவு. இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தோம். நின்று குறிபார்த்தால் டிக்கா நிதானம், போல்ட் இழுத்தால் ஹோவா வேகம். எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

மேகசின் இடிக்கிறது என்று நான் எழுதியதைச் சொல்லிக் கேட்டார். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நடக்கும்போது மேகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், உட்கார்ந்த பிறகுதான் மாட்டுகிறார். வேலி தாண்டும்போதும் கவலை இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

அட்டையில் 40 குண்டு சுட்டார். மேசையில் அமர்ந்து பத்து, மீதி முப்பதும் தரையில் உட்கார்ந்து குச்சிகளின் மேல். முதல் பத்தில் இருந்த திருப்தி அடுத்த பத்தில் காணாமல் போனது, கடைசிப் பத்தில் மெல்லத் திரும்பி வந்தது. 100 கஜத்தில் எல்லாம் என் உள்ளங்கைக்குள். திருகுகளை அவர் கண்முன்னாலேயே முறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் பண்ணையில் இருக்கவேண்டும். ஆஸ்டினிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம் என்பதால் இரவு ஒன்றரைக்கே கிளம்புகிறோம். வடக்கத்திக் காற்று என்று முன்னறிவிப்பு சொல்கிறது. அப்படியானால் கூப்பிடும் கருவியை வடக்கு வேலியோரம் வைத்து, தம்பியைத் தெற்கே மண்மேட்டில் உட்காரவைக்கப் போகிறேன். சுற்றிக்கொண்டு வாசனை பிடிக்க வருவது அவர் எதிரில்தான் வரும். இரண்டு லிட்டர் தண்ணீரை இந்த முறை வண்டியிலேயே விட்டுவிடுகிறேன்.